பலகை இடுக்கில் போன நாளிதழ்

ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். எட்டு மணிக்கு வேலை. மாலை ஆறரைக்கு, தினமும் என்னோடு நடக்கும் பக்கத்து வீட்டுப் பத்மா அக்கா வரவில்லை. முந்தின நாள் தேர்தல் பற்றிப் பேசும்போது, அவர் தன் கட்சித் தலைவர் சொன்னதை எடுத்துச் சொல்ல, "யார் என்ன சொன்னாலும் நம்பிடுவீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். பதினொரு ஆண்டுகளில் இப்படி அவர் வராமல் இருந்ததில்லை.

தனியாக நடந்தேன். சுங்கைப் பட்டாணி நகரச் சாலையோரத்தில் கட்சிக் கொடிகள் காற்றில் படபடத்தன. சிறுவயதில், மெர்போக் ரப்பர் தோட்டத்து வீட்டு வாசலிலும் தேர்தலுக்குத் தேர்தல் இதே சத்தம்தான். அப்பா ஒரு கட்சி, அடுத்த வீட்டு முனியாண்டி மாமா எதிர்க்கட்சி. இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி காசு போட்டு வாங்கிய ஒரே தமிழ் நாளிதழ். ஒருமுறை சண்டை முற்றிப் பேச்சு நின்றுவிட்டது. அப்போதும் அப்பா, ரப்பர் பால் வாடை போகக் குளித்து, படித்து முடித்த நாளிதழைப் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவரின் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் தள்ளினார்.

"பேச்சே இல்லை, பேப்பர் மட்டும் எதுக்கு?" என்றார் அம்மா.

"பாதிப் பேப்பர் அவனோடது லா."

அந்தப் பக்கம் பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் மாமாவின் குரலும் வந்தது.

"உங்க தலைவரு பேச்சுல இன்னைக்கு ஆறு பொய்தான் மச்சான். நேத்து எட்டு."

அப்பா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மாமா தேநீர் குடிக்க வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. காலை முதல் வேலையாக நாளிதழ் வாங்கினேன். என் கட்சித் தலைவரின் பேச்சுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இரண்டு பொய்' என்று நானே எழுதி, பத்மா அக்கா வீட்டுக் கேட்டில் செருகிவிட்டு வந்தேன்.