செம்பு டாலருக்கு ஏலம் கேட்டவர்

இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. ஜோடிப்பதென்றால் யாராவது ஒருவருக்காவது நல்லது நடக்கும்படி ஜோடித்திருப்பேன்.

பென்சில்வேனியாவில் ஒரு நாணய ஏலக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். விற்பனைக்கு வரும் பழைய காசுகளை ஏலப் பட்டியல் புத்தகத்துக்காகப் படமெடுப்பதும், ஏலத்தை வீடியோவில் பதிவு செய்வதும் என் பொறுப்பு. நடந்தது எனக்கல்ல. ராய் கெல்னருக்கு. அவர் வாயாலேயே சொல்லிக் கேட்டேன். அவருக்கே தெரியாத ஒன்றை என் கேமராவில் பார்த்தேன்.

கெல்னர் காசு வியாபாரி. வயது ஐம்பத்து மூன்று. செத்துப்போனவர்களின் சேகரிப்பை வீடு தேடிப்போய் வாங்குவது அவர் வழக்கம். பேப்பரில் மரண அறிவிப்பு பார்ப்பார். மூன்று வாரம் விட்டுவிடுவார். அழுகை ஓய்ந்து பில்கள் வர ஆரம்பிக்கும் நேரம் அது. அப்புறம் போன் செய்வார்.

அப்படித்தான் பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மத்தியானம் மூன்று பத்துக்கு, வெர்னா ஷங்க் வீட்டுக் கதவைத் தட்டினார். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி.

வெர்னாவுக்கு எழுபத்தொன்பது வயது. கண்ணில் நடுப்பார்வை முழுக்கப் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் ஏதோ நிழல் மாதிரி தெரியும். சமையலறை மேஜையில் புருஷன் லாயிட் சேர்த்துவைத்த காசுகளைச் சுருட்டுப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தாள். தடவித் தடவியே காபி போட்டுக் கொடுத்தாள்.

"எல்லாம் இதுலதான் இருக்கு தம்பி. எனக்குக் கண்ணு தெரியாது. நீங்கதான் பார்த்து நியாயமா சொல்லணும்."

"நியாயத்துக்காகத்தான்மா என்கிட்ட வர்றாங்க."

முதல் இரண்டு பெட்டிகளில் சாதாரண வெள்ளி டாலர்கள். கெல்னர் சரியான விலையே சொன்னார். ஐந்து பத்து கூட்டியே சொன்னார். ஒன்பதில் யோக்கியமாக இருந்தால் பத்தாவதைக் கேள்வியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருஷத்தில் கற்றது.

மூன்றாவது பெட்டியின் அடியில் ஒரு கம்பளிக் காலுறை. அதற்குள் சின்னக் காகித உறை. அதற்குள் செம்பில் அடித்த ஒரு டாலர். வருஷம் 1871. நெற்றியில் நட்சத்திரம் வைத்த ஒரு பெண்ணின் முகம்.

கெல்னருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அது ஒரு முன்மாதிரி நாணயம். ஒரு புதுக் காசை வெளியிடுவதற்கு முன்னால், பார்க்க எப்படி இருக்கிறது என்று நாணயச்சாலையில் இரண்டு மூன்று அடித்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அதோடு சரி. அந்தக் காசு யார் கைக்கும் வராது. இந்த நட்சத்திரப் பெண் உலகத்திலேயே இரண்டுதான். ஒன்று பதினோரு வருஷம் முன்பு ஏலத்தில் போனது. மூன்று லட்சத்து அறுபதாயிரம் டாலர். இன்னொன்று எங்கே என்று எவருக்கும் தெரியாமல் இருந்தது.

மணி மூன்று முப்பத்து நாலு.

"இது என்னம்மா, செம்பு மாதிரி ஒண்ணு?"

வெர்னாவின் முகம் மலர்ந்தது. "அதுவா! அது அவரு உசிரு. அறுபத்தெட்டுல வாங்கினாரு. ஒரு காரோட விலை குடுத்து. நான் ஒரு வாரம் அவரோட பேசவே இல்ல. 'நான் போனப்புறம் இதுதான் உன்னைக் காப்பாத்தும் வெர்னா'ன்னு சொல்லிட்டே இருப்பாரு. என் கண்ணுக்கு ஊசி போடணும்னு டாக்டர் சொன்னப்போகூட விக்கல. 'இன்னும் கொஞ்சம் பொறு, விலை ஏறும்'னாரு. பொறுத்தேன். கண்ணு போயிடுச்சு."

கெல்னர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவள் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. இது காசே இல்ல. சந்தையில கடை போட்டு விக்கிற செம்பு வில்லை. எவனோ உங்க வீட்டுக்காரரை நல்லா ஏமாத்திட்டான்."

வெர்னா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நிச்சயமாவா தம்பி?"

"பொய் சொல்லி எனக்கு என்னம்மா வரப்போகுது? பாவம் பார்த்து முப்பது டாலர் போட்டுத் தர்றேன்."

தலையாட்டினாள். "அப்போ... இத்தனை வருஷமா..."

"ஆமாம்மா. முட்டாளா இருந்திருக்காரு."

அந்த வார்த்தை தேவையே இல்லை. அவள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டாள். ஏன் சொன்னீர்கள் என்று பிற்பாடு கெல்னரிடம் கேட்டேன். "சும்மா," என்றார்.

'செம்பு வில்லை ஒன்று, முப்பது டாலர்' என்று ரசீது எழுதி, அவள் விரலைப் பிடித்து இடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார். மணி மூன்று ஐம்பத்தொன்று. அப்போது பக்கத்து அறையில் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கிர்ர்ர்...

"உள்ள யாரும்மா?"

"யாருமில்லையே. ஏன் தம்பி?"

கெல்னர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

காரில் ஹீட்டரை முழுசாக வைத்திருந்தார். காசு சட்டைப் பையில் இருந்தது. அரை மணி நேரம் ஆகியும் அந்த இடம் மட்டும் சூடேறவில்லை. வீட்டில் சட்டையைக் கழற்றினால், மார்பில் காசு அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்புத் தழும்பு. சூடு போட்ட மாதிரி. பனியில் நடந்ததால் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் அந்தக் காசு என் மேஜைக்கு வந்தது. அசல்தான் என்று நிபுணர்கள் பார்த்துச் சொல்லி, காற்றுப் புகாத கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தார்கள். கெல்னர் பக்கத்தில் நின்றார். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனேன். படம் மங்கலாக விழுந்தது. துடைத்தேன். மறுபடியும் மங்கல். பதினோரு தடவை எடுத்தேன். வேறு காசை வைத்தால் பளிச்சென்று விழுகிறது. இதை வைத்தால் மங்குகிறது.

அப்புறம்தான் கவனித்தேன். மங்கல் லென்ஸில் இல்லை. ஒட்டி மூடிய உறைக்கு உள்பக்கம் பனி பூத்திருந்தது.

"என்ன கெல்னர், ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா கொண்டுவந்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பேசாம சீக்கிரம் எடுப்பா," என்றார்.

ஆகஸ்ட் பதினாலு. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல். வெளியே தார் உருகும் வெயில். கூடத்தில் இருநூறு பேர். கெல்னர் வேறு சில காசுகளை வாங்கவும் வந்திருந்தார். அதனால் அவர் கையிலும் ஒரு எண் அட்டை இருந்தது. எண் 214. விற்பவர் யார் என்பது கம்பெனியின் ரகசியம். மேடையில் ஏலம் விடுகிறவருக்குக்கூடத் தெரியாது. கூடத்தில் என்னைத் தவிர அதைத் தெரிந்த ஒரே ஆள் டூலி. கெல்னரின் சகவியாபாரி.

"இன்னிக்கு நீ ராஜாடா," என்றார் டூலி. "சாயங்காலம் பெரிய கறித்துண்டா எனக்கு வாங்கித் தரணும்."

"பல்லு இருந்தா சாப்பிடு, போ."

டூலி முன்வரிசைக்குப் போனார். கெல்னர் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தார். அந்த வரிசை முழுக்கக் காலி.

மணி நாலு நாற்பத்தொன்று. திரையில் நட்சத்திரப் பெண்ணின் முகம் வந்தது.

"ஒன்றரை லட்சத்தில் ஆரம்பிக்கிறேன். யாராவது?"

அப்போதுதான் கெல்னர் உணர்ந்தார். வலது பக்க நாற்காலியில் ஒருவர் இருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கிழவர். ஆகஸ்ட் மாதத்தில் தடித்த கம்பளிக் கோட்டு. நனைந்த கம்பளியின் வாடை.

கிழவர் கையைத் தூக்கினார்.

"ஒன்றரை, பின்வரிசையில்! நன்றி. ஒண்ணு அறுபது, போனில்."

போனில் யாரோ டெக்ஸாஸ்காரர். விடாமல் கேட்டார். கிழவரும் விடவில்லை. இரண்டு லட்சம். இரண்டரை. மூன்று. கெல்னருக்கு உள்ளுக்குள் குதியாட்டம். வாங்கு கிழவா... இன்னும் வாங்கு.

மூன்று அறுபது தாண்டியது. கூடம் அமைதியானது.

எல்லோரும் அட்டையைத் தூக்கிவிட்டு இறக்குவார்கள். கிழவர் இறக்கவே இல்லை. கை தோளிலிருந்து நேராக மேலே நின்றது. கட்டை மாதிரி.

நாலு லட்சம்.

கோட்டுக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டப்... டப்... நகங்கள் நீலமாக இருந்தன.

நாலரை.

முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினார். கழுத்து திரும்பவில்லை. ஓரக்கண்ணில் இமை மட்டும் தெரிந்தது. இமையில் பனித்துகள்.

உருகவில்லை.

ஐந்து.

கெல்னருக்கு வலது தோளுக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை. மரத்துவிட்டது.

ஐந்தரை.

"என்னோடது," என்று ஒரு குரல்.

பக்கத்திலிருந்து வரவில்லை.

தன் வாயிலிருந்து வந்தது.

ஐந்து எண்பது...

"என்னோடது..."

ஆறு.

போன் ஓய்ந்தது.

டக்!

"ஆறு லட்சம்! எண் இருநூற்றுப் பதினாலு!"

கைதட்டல். பக்கத்து நாற்காலி காலி.

டூலி ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "பைத்தியமாடா உனக்கு? உன் காசை நீயே ஏலம் எடுப்பியா? ஜெயில்ல போடுவாங்கடா!"

"நான் இல்ல... பக்கத்துல அந்தக் கிழவன்..."

"எந்தக் கிழவன்? இந்த வரிசையில உன்னைத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல. கையை இறக்குடா முதல்ல!"

இறக்க முடியவில்லை. நாலு பேர் பிடித்து அழுத்திப் பார்த்தார்கள். இருபது நிமிஷம் ஆனது. விரல்கள் வெள்ளைவெளேரென்று, மெழுகு மாதிரி இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் குளிர்க் கிடங்குல வேலை பார்க்கறீங்க?" பனிக்கடி. ஆகஸ்ட் மாதத்தில். மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று ராத்திரி பதிவைப் போட்டுப் பார்த்தேன். நாலு நாற்பத்தொன்றிலிருந்து நாலு நாற்பத்தாறு வரை. கெல்னர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது கை, 214 அட்டையோடு, நேராக மேலே. ஒரு தடவைகூட இறங்கவில்லை. கண்களில் தண்ணீர் வழிகிறது. உதடு மட்டும் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொல்கிறது.

தன் பொருளைத் தானே ஏலம் கேட்டு விலையேற்றுவது குற்றம். கம்பெனி விசாரணை வைத்தது. காசு எங்கிருந்து வந்தது என்று நோண்டினார்கள். அவர் கையாலேயே எழுதிய முப்பது டாலர் ரசீது கிடைத்தது. கெல்னருக்குக் கடை போயிற்று, வீடு போயிற்று. இப்போது வழக்கு நடக்கிறது. யாரும் அவரைப் போய்ப் பார்ப்பதில்லை. நான் ஒரு முறை போனேன். இதையெல்லாம் அப்போதுதான் சொன்னார். இடது கையால் காபி குடித்தார்.

காசு வெர்னாவின் வாரிசுக்கு என்று தீர்மானமானது. வெர்னா இல்லை. மே மாதமே முதியோர் இல்லத்தில் இறந்துபோயிருந்தாள். அண்ணன் மகள் ஜோலீன்தான் மிச்சம். அக்டோபரில் காகிதங்களில் கையெழுத்து வாங்க வக்கீலோடு நானும் போனேன்.

ஜோலீன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். அன்று கடையில் வேறு யாரும் இல்லை. விலையைக் கேட்டதும் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை கடைசியா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா," என்றாள். "'அந்த முட்டாள் பக்கத்துல என்னைப் புதைக்காதே'ன்னா. அம்பத்தெட்டு வருஷம் ஒண்ணா வாழ்ந்தவங்க சார். பக்கத்துல அவளுக்குன்னு இடம் வாங்கிப் போட்டிருந்தாரு. அது காலியாவே கிடக்கு. அவளைக் கல்லறைத் தோட்டத்தோட அந்தக் கோடியில புதைச்சோம்."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, லாயிட் எப்படி இறந்தார் என்று கேட்டேன்.

"ஜனவரி இருபத்தொண்ணு. தபால் பெட்டி வரைக்கும் போனாரு. பனியில வழுக்கி இடுப்பு ஒடைஞ்சு போச்சு. அத்தை உள்ள இருந்து கூப்பிட்டுட்டே இருந்திருக்கா. அவளுக்குத்தான் கண்ணு தெரியாதே. அவரு ரோட்டோரமா கிடந்து போற வர்ற கார்களுக்குக் கை காட்டியிருக்காரு. ஒருத்தரும் நிக்கல. காலையில எடுக்கறப்போ அந்தக் கை அப்படியே நேரா மேல நின்னுது. உடம்பெல்லாம் இளகினப்புறமும் அந்தக் கை மட்டும் மடங்கல. மூணு நாள் வெச்சுப் பார்த்தாங்க. பெட்டி மூட முடியல."

தரையில் கிடந்த முடியைக் கையால் ஒதுக்கினாள்.

"தோள்ல ஒடைச்சுத்தான் மூடினாங்க. அத்தை பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. 'என்னடி சத்தம் அது?'ன்னு கேட்டா. பெட்டி மூடுற சத்தம்னு சொல்லிட்டேன்."