மீசைக்காரரின் தலைவலி

நான் ஆறாம் வகுப்பில் படித்த வருடம், நூறு வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொன்னார் ஆசிரியை. வகுப்பில் பாதிப்பேர் விஞ்ஞானிகளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஆள் தேடித் தந்தது அண்ணா. அவன் பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூட றக்பி அணியில் விளையாடினான். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, ஒரு மீசைக்காரரின் படத்தில் விரலை வைத்தான்.

"இவரை எழுது. வேற ஒருத்தரும் எழுதமாட்டினம்."

மீசைக்காரர் விக்டோரியா மகாராணி காலத்தில், இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர் ஒன்றில் பிறந்த பாதிரியார் மகன். இருபது வயதில் நாட்டுக்காக றக்பி விளையாடினார். ஓர் ஆட்டத்தில் தலையில் உதைபட்டு மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். எழுந்துபோய் அணியை வெல்ல வைத்தார். பத்திரிகைகள் அவரைச் சிங்கம் என்றன. அண்ணாவுக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

மிச்சப் பக்கங்களை நான் மட்டும்தான் படித்தேன். மீசைக்காரர் கப்பலேறி எங்கள் ரொறன்ரோவுக்கே வந்து ஆசிரியரானார். ஓயாத தலைவலி. முதலில் மாணவர்களின் பெயர்கள் மறந்தன, பிறகு வீட்டுக்குப் போகும் வழி. நாற்பது வயதில் மனநோய் மருத்துவமனையில் இறந்துபோனார். அதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு சிங்கமும் கீறினேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து வந்த அண்ணா, குளியலறைத் தொட்டிக்குள் குனிந்து சத்தி எடுத்தான். நான் கதவடியில் நின்றேன்.

"தலை இடிபட்டுட்டுது. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. சனிக்கிழமை மட்ச், அவ விடமாட்டா."

"ஓம்" என்றேன். பெரியவர்களின் இரகசியம் ஒன்று கிடைத்த பெருமை எனக்கு. அடுத்த நாள் சாப்பிடும்போது, "இண்டைக்கு என்ன கிழமை?" என்று மூன்று தரம் கேட்டான். பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் பெரிய மோதல் ஒன்றும் நடக்கவில்லையாம். தோளோடு தோள் இடிபட்டு விழுந்தவன் எழும்பவில்லை.

அப்பா ட்ரக் ஓடிக்கொண்டு வன்கூவர் பக்கம் நின்றார். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. சத்திரசிகிச்சை முடித்து வந்த டொக்டருக்கு முன்னால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, அவ சொல்லுறதை வடிவாக் கேட்டுச் சொல்லு."

மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, சொன்னேன். உயிருக்கு ஆபத்தில்லை, சொன்னேன். பேச்சும் நடையும் புதிதாகப் பழகவேண்டும், அதையும் சொன்னேன். கடைசியாக டொக்டர், முதல் அடி ஆறுமுன்னரே இரண்டாவது விழுந்துவிட்டது, யாராவது ஒரு சொல் சொல்லியிருந்தால் அவனை விளையாட விட்டிருக்கமாட்டார்கள் என்றார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கடவுளைக் கும்பிடட்டாம்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து என் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். "வா, ஏதாவது சாப்பிடு."

அண்ணாவுக்கு இப்போது முப்பது வயது. காலையில் அம்மாதான் சட்டை மாட்டிவிடுகிறார். டொக்டரின் அந்தக் கடைசி வசனத்தைப் பற்றி அம்மா ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை; நானும் கெட்டித்தனமாக மறைத்துவிட்டதாகவே வெகுகாலம் நம்பியிருந்தேன். அப்போதே ஒன்பது வருடங்களாக முதியோர் இல்லத்தில் ஆங்கிலக் கிழவர்களைப் பராமரித்துவந்த அம்மாவுக்கு, அந்த ஒரு வசனம் விளங்க நான் தேவையில்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.