இரண்டு அங்குலம் இறக்கிய மோட்டார் சைக்கிள்

போன சனிக்கிழமை அட்டன் கடைத்தெருவில் பேப்பரில் நான் எழுதுவதைப் படிக்கும் ஒரு வாசகர் என்னை மடக்கினார். "என்ன மாஸ்டர், வண்டி மறுபடி உசந்து நிக்குது? இறக்கிட்டேன், இறக்கிட்டேன்னு பேப்பர்ல அப்படிப் பீத்திக்கிட்டீங்க?"

பீத்திக்கொண்டேன்தான். மானம் போனால் போகட்டும்... நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தேயிலைத் தோட்டத்து உதவி மேனேஜராக இருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு சின்னத்துரையிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளோ அவர் கால் நீளத்துக்கு ஏற்றது. உட்கார்ந்தால் பெருவிரல் மட்டும் தரையைத் தொடும். என் மனைவி பிலோமினா பக்கத்துத் தோட்டத்தில் டீச்சர். தினமும் நான்கு மைல் நடந்தவள். அவளுக்காகத்தான் வண்டியே வாங்கினேன். ஆனால் பின்னால் ஏறுமுன் தினமும் ஒரே கேள்வி — "என்னங்க, கால் எட்டுதா?"

ஓடும்போது கால் எதற்கு? நிறுத்தும்போதுதானே வம்பு!

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மேனேஜரான பெரிய துரையின் கார் எதிரே வந்தால், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ, இறங்கி நிற்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அப்பா இறங்கினார், நானும் இறங்கினேன். நான் படிப்பிப்பது தோட்டப் பள்ளிக்கூடம்... என் வேலை துரையின் கையில். ஒருநாள் அவசரமாக இறங்கப் போய் வண்டி சாய்ந்தது. பிலோமினா தேயிலைச் செடிக்குள் விழுந்தாள். துரை "ஸொறி" என்றார், போய்விட்டார்.

அன்றைக்கே கராஜுக்கு ஓடினேன். மெக்கானிக் சோமபால பாஸ் பின்பக்கத்து ஷொக் அப்சோபர் இரண்டையும் கழற்றிவிட்டுக் குட்டையான ஜோடி ஒன்றைப் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் இறக்கினார். "நிக்கிறதுக்கு நல்லம் மாஸ்டர். திரும்புறதுதான் கஷ்டம்" என்றார். என் காதில் ஏறினால்தானே? இரண்டு பாதமும் முழுசாகத் தரையில்! அந்த மிதப்பில் எழுதியதுதான் நீங்கள் படித்தது.

மறுநாளே தெரிந்துபோயிற்று. பின்பக்கம் தணிந்தால் முன்பக்கம் நிமிர்ந்துகொள்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி யோசித்து யோசித்துத் திரும்புகிறது. பிலோமினாவும் ஏறினால் இன்னும் அமுங்கும்... சாய்த்தால் ஸ்டாண்ட் ரோட்டில் கறகறவென்று உரசும். மூன்றாம் நாள், ஃபெக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் ஸ்டாண்ட் இடித்து வண்டி நேரே போனது. மழைத்தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் இருவரும் கிடந்தோம்.

சேலையில் சேறு. முழங்கையில் ரத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குக் கோபம்.

"தொரைக்கு இறங்கத்தானே வண்டிய இறக்குனீங்க? அவரு வாரத்துல ஒரு நாள் வருவாரு. வளைவு தெனமும் இருவது வருதே!"

"வேலை போயிட்டா, பிலோ?"

"எனக்கு வேலை இருக்குல்ல? வண்டிய பழையபடி ஆக்குங்க. தொரை வந்தா நிறுத்துங்க, இறங்காதீங்க. இல்லாட்டி நான் நடந்தே போய்க்கிறேன்."

மறுபடி கராஜுக்குப் போனேன். சோமபால பாஸ் பழைய ஜோடியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். ஆளைத் தெரிந்த மனுஷர்!

வியாழக்கிழமை காலை துரையின் கார் வந்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன். பெருவிரல் ஒன்றில் முழு வண்டியும் நடுங்குகிறது... இல்லை, நான்தான் நடுங்கினேன். இறங்கவில்லை. "குட் மோர்னிங், சேர்!"

கார் மெதுவானது. துரை என்னைப் பார்த்தார். பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பிலோமினாவைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கினார். போய்விட்டார்.

அவ்வளவுதானா? இதற்காகவா அப்பா முப்பது வருஷம் இறங்கி நின்றார்?

என் தோளில் கை விழுந்தது. "என்னங்க, கால் எட்டுதா?"

"எட்டல, பிலோ."

"எட்டாட்டிப் போகுது, ஓட்டுங்க!"