ஐந்தாவது கையெழுத்து

பெரியப்பா மரணசாசனம் எழுதிய நாளில் நீர்வேலியில் விடாத மழை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒழுங்கையெல்லாம் முழங்காலளவு வெள்ளம் நின்றதால், சாசனத்தை அத்தாட்சிப்படுத்த வருவதாகச் சொன்ன நொத்தாரிசு வர முடியாமல் போயிற்று. பெரியப்பா அதற்கெல்லாம் கலங்குகிறவர் அல்ல. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக இருந்து கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தபடி தானே எழுதினார்.

அவர் கலியாணம் செய்யாதவர். அப்பாவின் தங்கையான மாமி, கணவனை இழந்த பிறகு அவருடனேயே இருந்து சமைத்துக் கொடுத்தார். நோய் வந்த பின் குளிக்க வார்த்தும் விட்டார். வீட்டை மாமிக்குத்தான் எழுதுகிறார் என்பது அறைக்குள் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லியே எழுதினார்.

தபால்காரர், கோயில் ஐயர், வாழைத்தோட்டத்தில் வேலை செய்த இருவர் என்று நான்கு பேர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆளைக் காணவில்லை.

"நான் போடுறன் அண்ணை" என்று அப்பா பேனையை எடுத்தார்.

"நீ போடக்கூடாது. நீ எனக்கு உரித்துக்காரன். நாளைக்கு ஆரும் ஒரு கதை கதைப்பினம். வெளியிலை நில்."

அப்பா பேனையை வைத்துவிட்டு வெளியே போனார். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, பக்கத்து வளவுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா."

நோய் முற்றி அவருக்கு ஆள் அடையாளம் மறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்து வளவுக்காரர் எங்கள் எதிரி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் ஒரு சாண் எங்கள் பக்கம் வருகிறார் என்று பெரியப்பா அவர்மேல் வழக்கு வைத்திருந்தார். பந்து அந்தப் பக்கம் விழுந்தால்கூட எடுக்கப் போகக்கூடாது என்பது எங்களுக்குக் கட்டளை.

குடையோடு போய் நின்றேன். அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார்.

"ஆர் அனுப்பினது? கொப்பரோ?"

"பெரியப்பா. உங்கடை கையெழுத்து வேணுமாம்."

"என்ரையோ?" என்று சிரித்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அவர்கள் இருவரும் வேலியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. "படிச்சுப் பாத்திட்டுப் போடும்" என்றார் பெரியப்பா. வந்தவர் முழுவதையும் இரண்டு தரம் படித்தார். பெரியப்பா எல்லோர் முன்னிலையிலும் ஒப்பமிட்டார். ஐந்து பேரும் ஒவ்வொருவராக இட்டார்கள். மாமி கொண்டுவந்த தேநீரைக் குடிக்காமலே பக்கத்து வளவுக்காரர் போய்விட்டார்.

தைப்பொங்கலுக்கு முன் பெரியப்பா காலமானார். கனடாவிலிருந்த சித்தப்பா ஒரு சட்டத்தரணியைப் பிடித்து ஆட்சேபனை போட்டார். அண்ணை கடைசியில் புத்தி தடுமாறியிருந்தார், கூட இருந்தவர்கள் எழுதுவித்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். சாசனம் தள்ளுபடியானால் வீட்டைப் பங்கிட்டு விற்றுவிடலாம். மாமி தன் குரோட்டன் சாடிகளை ஒவ்வொன்றாக அயலுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

விசாரணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் விட ஆள் இல்லை. ஐயரைச் சித்தப்பாவின் சட்டத்தரணி கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திணறடித்தார். அன்று என்ன கிழமை என்பதைக்கூட ஐயர் மாற்றிச் சொன்னார். மாமியின் கை என் கையை நசித்துக்கொண்டிருந்தது. அடுத்து பக்கத்து வளவுக்காரர் கூண்டில் ஏறினார்.

"நீங்கள் இந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர்தானே?"

"வேண்டியவரோ? உவையளோடை எனக்கு வேலி வழக்கு நடக்குது ஐயா. இதே கட்டடத்திலை. வாற மாதம் தவணை."

சபை சிரித்தது. எழுதிக்கொண்டிருந்த நீதிபதி தலையை நிமிர்த்தினார்.

"அப்ப ஏன் போய்க் கையெழுத்துப் போட்டீங்கள்?" என்றார் சட்டத்தரணி.

"மனுசன் தெளிவான புத்தியோடை எழுதினவர். என்ரை கண்ணாலை பாத்தனான். வேலியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பொய். இது உண்மை."

சட்டத்தரணி கோவையை மூடிவைத்தார். மதிய இடைவேளையில் அவர் தொலைபேசியோடு வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, ஆட்சேபனையை மீளப் பெறுவதாகச் சொன்னார். மாமி நீதிமன்றப் படியிலேயே இருந்துவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முழுதாக மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

அப்பா பக்கத்து வளவுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடும், விடும். வேலியிலை நான் ஒரு அங்குலமும் விடமாட்டன்" என்று அவர் பஸ்சுக்கு நடந்தார்.

அப்பா எங்களை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போனார். "நாங்கள் வெண்டிட்டமோ அப்பா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, வெண்டிட்டம்."

அப்பா வழக்காடி ஒரு வீடு வென்றார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். வளர்ந்து, அந்த வழக்குக் கோவையை எடுத்துப் படித்த நாளில்தான் கணக்கு விளங்கியது. சாசனம் தள்ளுபடியாகியிருந்தால் வீட்டில் மூன்றிலொரு பங்கு அப்பாவுக்கு வந்திருக்கும். அந்த நாட்களில் நாங்கள் கூரை ஒழுகும் வாடகை வீட்டில் இருந்தோம். தனக்கு வரவேண்டியது தன் கையைவிட்டுப் போவதற்காகத்தான் அவர் அத்தனை மாதம் மாமியின் சட்டத்தரணி வீட்டுக்கு அலைந்திருக்கிறார்.

அன்று அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி விட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே இருந்து, இன்னொரு ஐஸ்கிரீமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.