ரகசிய விருந்தாளியும் ஐலேண்டர் கார்டும்

ரிசார்ட்டுக்கு மார்க் போடுகிற தொழிலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, சொந்தப் பேரைச் சொல்லத்தான் வழியில்லை. எங்கள் தீவில், அபர்டீன் பஜாரில் ஒரு டிராவல் ஆபீஸில் எனக்கு இந்த வேலை. 'எல்லாம் அடக்கம்' என்று பேக்கேஜ் விற்கிற ரிசார்ட்டுகளில் டூரிஸ்ட் மாதிரி தங்கி, பத்துக்கு இத்தனை என்று முதலாளிக்கு எழுதித் தர வேண்டும். நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியக் கூடாது. போன சீசனில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். "அந்தோணி, இன்னொரு தடவை மாட்டினா உனக்குப் பழையபடி டிக்கெட் கவுன்டர்தான்" என்று சொல்லிவிட்டார் முதலாளி. பத்து வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவன் நான். இப்படி மிரட்டலைக் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு டூட்டிக்குப் போயிருக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

கியூவில்

இந்தத் தடவை நான் கோயம்புத்தூர் மில் மேனேஜர் கோவிந்தராஜ். பூப்போட்ட சட்டை, புதுத் தொப்பி. என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், ரிசார்ட் இருக்கிற தீவுக்குப் படகு டிக்கெட் எடுக்கிற கியூவில் நின்றபடியே "ஏனுங்க, சொல்லுங்க" என்று முணுமுணுத்துப் பழகினேன்.

என் முறை வந்தது. கை இருக்கிறதே, பாழாய்ப்போன கை, அது தானாகப் பைக்குள் போய் ஐலேண்டர் கார்டை எடுத்து நீட்டிவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை டிக்கெட் வாங்கித் தருகிற கார்டு! போட்டோவும் பேரும் பளிச்சென்று இருக்கும். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு திரும்பினால், பின்னால் பூசணிக்காய் மூட்டையோடு ஒருத்தன் சிரிக்கிறான். சட்டையில் நான் போகிற ரிசார்ட்டின் பேர். ரத்தன் என்று ஒரு வங்காளி, அங்கே சாமான் வாங்கிப்போடுகிறவன். தான் ஒன்றுமே பார்க்கவில்லை என்று நான் கேட்காமலே இந்தியில் சத்தியம் பண்ணினான்: "ஹம்னே குச் நஹீ தேகா, தாதா!"

இளநீர்

ரிசார்ட் மேனேஜர் முருகேசன், கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் குடும்பம். எங்கள் மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டி, இது இருந்தால் எல்லாம் அடக்கம் என்றார். இளநீர் கேட்டேன். வந்தது, சீவாமல். காது குத்தக் குழந்தையை மடியில் வைத்திருக்கிற தாய்மாமன் மாதிரி கால் மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீவுகிற ஆள் லீவில் சொந்த ஊரான ரங்கத்துக்குப் போய்விட்டாராம்.

பேக்கேஜ் தாளை எடுத்துக் காட்டினேன். முருகேசன் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "இளநி அடக்கம்தான் சார். சீவுறதப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே."

கப்பல்

மதியம் பஃபேயில் பதினோரு மூடி. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பூசணிக் கூட்டு, பூசணிப் பொரியல், பூசணி அல்வா. ஒன்றில் பூசணி மஞ்சூரியன்! "கப்பல் வரல சார்" என்றார் முருகேசன். சுடுதண்ணீர்? ஹீட்டர் பார்ட்டு கப்பலில் வருகிறது. இன்னொரு தலையணை? அதுவும் கப்பலில்.

நான் மண்டையை ஆட்டி, "அடடா, கடல் சரியில்லையோ? எப்ப வருதாம்?" என்று அக்கறையாக விசாரித்தேன். தீவுக்காரன் வேறு என்ன கேட்பான்? ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். பக்கத்து மேஜையில் ஒரு சேலத்துக்காரர் இதே பதிலைக் கேட்டு மேஜையைத் தட்டி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். முருகேசன் குனிந்து என் காதோடு சொன்னார்: "டூரிஸ்ட்டுன்னா அப்படிக் கத்தணும் சார்."

மீன்

மூன்றாம் நாள் மீன் வறுவல். ஸ்டெல்லாவின் அப்பா தூத்துக்குடியிலிருந்து வலையோடு வந்து இங்கே குடியேறியவர். ஒரு வாய் வைத்தவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "சுத்திலும் கடல வச்சுக்கிட்டு ஐஸ் மீனா?" விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். "ஏனுங்க, வேண்டாமுங்க" என்று பின்னாலேயே ஓடினேன். யார் கேட்டார்கள்! ரத்தனைக் கரைக்கு விரட்டி, அப்போது வந்த படகில் சூரை வாங்கிவரச் செய்து, அவளே குழம்பு கூட்டினாள். சேலத்துக்காரர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டு, கத்துவதையே மறந்துபோனார்.

என் நோட்டில் 'சாப்பாடு' என்ற இடம் மட்டும் காலி. பெண்டாட்டி வைத்த குழம்புக்கு ரிசார்ட்டுக்கு எப்படி மார்க் போடுவது? பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்ற வந்த முருகேசன் எட்டிப் பார்த்தார். "குழம்ப விட்டுட்டுப் போடுங்க சார், அதுதான் நியாயம்."

கடிதம்

குழம்பை விட்டுவிட்டு நாலு போட்டேன். முருகேசன் தங்கமான மனுஷன்தான், அதற்காகச் சீவாத இளநீர் சீவின இளநீர் ஆகிவிடுமா? என்னைத் தெரிந்துகொண்டும் காட்டிக்கொடுக்காமல் இருந்தாரே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். அப்பாடா, வேலை பிழைத்தது!

ஒரு வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார். கையில் முருகேசனின் கடிதம். நாலு மார்க்குக்குத் திட்டியிருப்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மனுஷன் நெஞ்சார நன்றி சொல்லியிருந்தார். முதலாளி நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "உங்கள் ரகசிய விருந்தாளி அந்தோணி சார் நேர்மையாக மார்க் போட்டார். அடுத்த தடவையும் அவரையும் அக்காவையுமே அனுப்பவும். மீன் நாங்கள் வாங்கி வைக்கிறோம்."

இப்போது அதே பழைய ஸ்டூலில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிறேன், பூப்போட்ட சட்டையோடு வந்து எவனாவது ஐலேண்டர் கார்டை நீட்டினால் முருகேசனுக்கு முதல் போன் என்னுடையதுதான்.