ஆயிரம் கிலோமீட்டர் வரை

அந்தச் சிவப்பு மோட்டார் பைக்கில் நான் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தபோது அதன் கண்ணாடிகள் இரண்டிலும் வானம்தான் தெரிந்தது. பின்னால் இருந்த கம்பெனி கேட், வேப்பமரம், டீக்கடை ஒன்றுமே இல்லை. வெள்ளையாகக் கொதிக்கும் நடுப்பகல் வானம் மட்டும். சரிசெய்யலாம் என்று கையை நீட்டினேன். "ஏலே, அதத் தொடாத" என்று குரல் வந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போர்மேன் அண்ணாச்சி எழுந்து வந்தார். "அது அவன் உசரத்துக்கு வச்சிருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. தையற்காரரிடம் அளவு சொல்வது போலச் சொன்னார். அவருடைய மகன் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டீர்கள், போர்மேன் பெரியப்பா இந்த வயதில் எதற்காக ரேஸ் வண்டி ஓட்டுகிறார் என்று. பெரியவன் சிரிக்கவும் செய்தான். நான் எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நானும் அண்ணாச்சியும் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தோம். மருந்து வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடித்து, அறையைக் கழுவிப் பூட்டிவிட வேண்டும். மற்றவர்கள் சாயங்காலம் வரை இருப்பார்கள், எங்களுக்குப் பத்து மணிக்கே சோலி முடிந்துவிடும். அண்ணாச்சியின் கை போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. சல்லடையில் பொடியைத் தேய்க்கும்போது பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடச் சத்தம் கேட்காது. முதல் கையும் கடைசிக் கையும் ஒரே வேகம். "கை பதறுச்சுன்னா நீயும் இல்ல, நானும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அறையில் ஒரு பொறி பறந்ததில்லை.

அவருக்கு ஒரே மகன். அப்பாவைவிட ஒரு தலை உயரம். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். அடக்கம் முடிந்த பிறகு அவனுடைய நோட்டை அவன் அம்மா, மதினி, எடுத்துப் பார்த்தபோது கடைசிப் பக்கத்தில் அவன் வாங்க நினைத்திருந்த வண்டியின் பெயரும், அதன் கீழே அதில் மாட்ட வேண்டிய சாமான்களின் பட்டியலும் இருந்தன. அண்ணாச்சி அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நோட்டையே பையில் வைத்துக்கொண்டு விருதுநகருக்குப் போய் அதே வண்டியை, அவன் எழுதியிருந்த அதே நிறத்தில் எடுத்து வந்துவிட்டார்.

ஊர் வழக்கப்படி வண்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தார்கள். நானும் கூட நின்றேன். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பதற்கு முன், யார் பெயருக்கு மந்திரிக்க வேண்டும் என்று கேட்டார். அண்ணாச்சி மகன் பெயரைச் சொன்னார். அவனை அடக்கம் செய்த அதே சாமியார் அவர். கையில் எடுத்த தீர்த்தக் கோலைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே தெளித்தார்.

கம்பெனியில் முதல் இரண்டு நாள் ஒரே கேலி. "அண்ணாச்சி, மாப்பிள்ளை ஆயிட்டீக போல", "பொண்ணு பாக்கப் போறீகளா, நாங்களும் வாரோம்" என்று திரி கட்டும் அறைப் பெண்கள் கத்துவார்கள். அவரும் சிரிப்பார். மூன்றாம் நாள் யாரும் கேலி செய்யவில்லை. அவர் பின்சீட்டின் கால்மிதிகள் இரண்டையும் விரித்து வைத்தபடியே வருவதையும், வண்டியை நிறுத்திய பிறகு உடனே இறங்காமல், பின்னால் இருப்பவர் இறங்குவதற்கு நேரம் கொடுப்பது போல ஒரு காலை ஊன்றிக் காத்திருப்பதையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

புது வண்டியை எடுத்தவுடன் விரட்டக் கூடாது, ஆயிரம் கிலோமீட்டர் வரை அடக்கி ஓட்டி இஞ்சினைப் பழக்க வேண்டும் என்று வண்டி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முப்பதுக்கு மேல் முள் ஏறாது, முப்பதுக்குக் கீழே இறங்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், வேலை முடிந்ததும் உச்சி வெயிலில் புறப்படுவார். திருத்தங்கல், ஆனைக்குட்டம் அணைக்கரை, விருதுநகர், சூலக்கரை விலக்கு, மறுபடி அதே வழியில் வீடு. அந்த நேரத்தில் ரோட்டில் ஆள் இருக்காது. கருவேலங்காட்டின் நடுவே அந்தச் சிவப்பு வண்டி ஊர்ந்து போகும். மொபட்டே அதை முந்திவிடும். ஒருநாள் என் சைக்கிளை அவர் தாண்டிப் போனபோது காற்றோடு அவர் குரல் கேட்டது. யாருக்கோ வழி சொல்லிக்கொண்டு போனார். "இங்கன ஒரு பள்ளம் இருக்கு, பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விருதுநகரில் உள்ள சாமான் கடைக்குப் போவார். பட்டியலில் இருந்த வரிசைப்படி வாரத்துக்கு ஒன்று. விழுந்தால் இஞ்சின் அடிபடாமல் இருக்க ஒரு கம்பி வளையம். டேங்கின் மேல் ஒட்டும் கறுப்பு ரப்பர். காற்றைத் தடுக்கும் உயரமான கண்ணாடித் தகடு. ஒரு வாரம் நானும் போயிருந்தேன். அன்று கைப்பிடி லிவர். விரல் நீளத்துக்குத் தக்கபடி தள்ளி வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் மாட்டிவிட்டு, "அண்ணாச்சி, உங்க விரலுக்கு எட்டலையே, உள்ள தள்ளவா?" என்றார். "எனக்கு எட்ட வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. வீட்டுக்கு வரும் வழியில் நான் வந்த பஸ் அவரை முந்தியபோது, கிளட்சைப் பிடிக்க அவர் விரல்கள் இழுத்துக்கொண்டு துடிப்பதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். அவரோடு அந்த வண்டியில் வர எனக்கு இடம் இல்லை என்பது கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது சொல்லப்போவதை நான் உங்கள் அம்மாவிடம்கூட அன்று சொல்லவில்லை. கலவை அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். ஓர் உடம்புக்கு ஒரு தடவை தொட்டால் போதும். அண்ணாச்சி இரண்டு தடவை தொட ஆரம்பித்தார். ஒரு தடவை தொட்டு, கொஞ்சம் விலகி நின்று, மறுபடி ஒரு தடவை. மறதி என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு சட்டம், அந்த அறைக்குள் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. வாசலிலேயே எழுதியிருக்கும். ஒரு விடியற்காலையில் அவர் மட்டும் உள்ளே நின்று சலித்துக்கொண்டிருந்தார். நான் தகட்டைத் தொட்டுவிட்டுக் காலை உள்ளே வைத்தேன். அவர் தலையைத் தூக்காமல், கையின் வேகம் மாறாமல் சொன்னார்: "ரெண்டு பேருக்கு மேல ஆகாதுலே. கொஞ்சம் வெளிய நில்லு."

நான் வெளியே நின்றேன். பிள்ளைகளே, உங்கள் அப்பா பயந்தாங்கொள்ளி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று பயந்தேன். சுவரின் வெளிப்பக்கம் சாய்ந்து சல்லடைச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கைதான் சத்தமே வராத கையாயிற்றே.

அன்று டீக்கடையில் மெதுவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, ஆயிரம் முடிஞ்சதும் என்ன செய்யப் போறீக?" அவர் சந்தோஷமாகச் சொன்னார். "இப்பத்தான் எண்ணூத்தி நாப்பது. இம்புட்டு நாளும் பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டு வாரான். ஆயிரம் முடிஞ்சா வண்டிய அவன்கிட்ட ஒப்படைச்சிரணும். கல்லறைத் தோட்டம் வரைக்கும் நானே கொண்டு போயிருவேன். அப்புறம் எனக்கு இங்கன என்னலே சோலி?"

அந்த வார்த்தை எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மதினி கதவருகே நின்றபடி அழாமல் சொன்னார்கள். "பீரோவுல வெள்ளை வேட்டி சட்டைய இஸ்திரி போட்டுத் தனியா எடுத்து வச்சிருக்காரு தம்பி. எதுக்குன்னு கேட்டா சிரிக்காரு. மீட்டர மட்டும் தெனமும் வந்து என்கிட்டச் சொல்லுதாரு. நான் என்ன செய்ய? ஓட்டாதீகன்னு சொன்னா அன்னைக்கே போயிருவாரோன்னு இருக்கு."

இன்னும் நூற்று அறுபது கிலோமீட்டர். அவர் ஓட்டும் கணக்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. சாவியை ஒளித்து வைக்கலாமா, டயரில் ஆணி குத்தலாமா என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில், கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கும், அண்ணாச்சி வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் ஓடினேன். ஆயிரத்தில் ஆயில் மாற்ற அவரிடம்தான் வருவார். நடந்ததைச் சொல்லி, "வண்டி இன்னும் சரியாப் பழகலைன்னு ஒரு பொய் மட்டும் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "வண்டியில பொய் சொன்னா அவரு கண்டுபிடிச்சிருவாரு. வரட்டும், பாப்போம்" என்றார்.

ஆறாம் நாள், நடுப்பகலில், அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். மீட்டரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு கிலோமீட்டரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழிக்கு வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. மெக்கானிக் குனிந்து ஆயிலை இறக்கினார். நான் வெயிலில் நின்றிருந்தேன். அவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு புது ஆயிலை ஊற்றி, வண்டியைக் கிளப்பி முறுக்கினார். பின்னால் நீலமாகப் புகை வந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அது பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"எம்புட்டு வேகத்துல ஓட்டுனீக அண்ணாச்சி?"

"முப்பது."

"எப்பவுமா?"

"எப்பவும். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"அதான் வெனையாப் போச்சு. இது மருந்து சலிக்கிற வேலையா? இஞ்சினுக்குள்ள ரிங்குன்னு ஒண்ணு இருக்கு. ஏத்தி எறக்கி, விரட்டி விட்டு, அடக்கி ஓட்டுனாத்தான் அது ஒரசி ஒரசி எடத்துல உக்காரும். நீங்க தொட்டில்ல போட்டு ஆட்டியிருக்கீக. பாதி ஆயிலக் குடிச்சிருக்கு. பொகையப் பாத்தீகளா? இந்த வண்டிய ஒருத்தன் கையில குடுத்தா பாதி வழியில நிக்கும்."

அண்ணாச்சியின் முகம் தொங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் யாரும் அவர் கையைக் குறை சொன்னதில்லை. இறக்கிய ஆயிலில் விரலை விட்டு, மருந்தைப் பார்ப்பது போல இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கறுப்புக்குள் வெள்ளிப் பொடி போல மினுங்கியது. "அப்ப என்ன செய்யணும்?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "இன்னும் ஐந்நூறு. பயப்படாம முறுக்கணும், விடணும், முறுக்கணும், விடணும்." அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். அன்று கல்லறைத் தோட்டத்துப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஐந்நூறு கிலோமீட்டரும் எனக்கு முன்னதைவிடப் பெரிய வேதனை. ஆனைக்குட்டம் அணைக்கரையில் நான் நிற்பேன். அவர் முறுக்கிக்கொண்டு போவார், சத்தம் ஏறும், ஏறி ஏறித் தேய்ந்து மறைந்துவிடும். தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஒரு கொக்குகூட இருக்காது. இனி அந்தச் சத்தம் வராதோ என்று நினைக்கும்போது தூரத்தில் ஈ இரைவது போலக் கேட்கும். சில நாள் வண்டி கண்ணில் தெரியும் முன்பே இரண்டு பேர் பேசிக்கொண்டு வருவது போல எனக்குக் கேட்டதுண்டு. வெயிலாக இருக்கலாம். அப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்நூறும் முடிந்தது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். புகை இல்லை, ஒரு பிசிறு சத்தம் இல்லை. என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வாயெடுத்தவர் போல இருந்தது, ஆனால் குனிந்து ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணாச்சி டேங்கின் மேல் காதை வைத்துக் குனிந்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு நிமிர்ந்து, "இல்ல. உள்ள ஒரு சத்தம் கேக்குது. இன்னும் செட்டாகல" என்றார்.

மெக்கானிக் மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆமா அண்ணாச்சி. எனக்கும் கேக்குது."

அது நடந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. மீட்டர் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். எப்போதும் போல ஒரு காலை ஊன்றி இறங்காமல் நின்றார். நீங்கள் உள்ளே இருந்தீர்கள். நான் கதவைத் திறக்கப் போனபோது அவர் கழுத்தை லேசாகப் பின்னால் திருப்பி, காலியாக இருந்த சீட்டைப் பார்த்துத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்கிடாதய்யா. இன்னும் ஒரு ஐந்நூறு ஓடட்டும்."