துண்டுக்கு அடியில்

லாங் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் அவர். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. எந்தக் கம்ப்யூட்டரையும் திறப்பதற்கு முன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தொடுவதுபோல.

மேல்விஷாரத்தில் நான் நடத்தும் டைப்பிங் சென்டரின் ஆறு கம்ப்யூட்டர்களும் புது சாஃப்ட்வேரை ஏற்கவில்லை. ஒன்றை ஸ்கூட்டரில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன். கையை வைத்துப் பார்த்தார். திறக்கவே இல்லை.

“இதுல கோளாறே இல்ல பாய். இந்தச் சிப்பு பழசுன்னு சாஃப்ட்வேர்காரன் ஒதுக்கிட்டான். அப்பத்தானே சிப்புக்காரன் புதுசு விப்பான்? அதுலயே இவன் சரக்கும் போவும்.”

“ரெண்டு கம்பெனிக்கும் சண்டைன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?”

துண்டை எடுத்துத் தன் இரு கைகளின்மேலும் போட்டுக்கொண்டார். தோல் மண்டியில் வியாபாரிகள் அப்படித்தான் துணிக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். துண்டு லேசாக அசைந்தது.

“மண்டியில மொகத்தப் பாத்தா அடிச்சுக்குவாங்கன்னு தோணும். உள்ள வெரலு பேசி முடிச்சிருக்கும்.”

“அப்ப நாம யாரு?”

“தோலு. அதைக் கேட்டா வெல பேசறாங்க?”

ஆறையும் மாற்றினேன், அவரிடமே வாங்கி. புதியவற்றைப் பொருத்த சென்டருக்கு வந்தவர், பழையவற்றைக் காயலான்கடைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். சற்று முன்புவரை ஓடிக்கொண்டிருந்தவை. ஒன்றிலும் இன்னும் சூடு ஆறவில்லை.